பிலிப்பைன்ஸ் கலை: பொருள் உள்ளூர், நுட்பம் வெளியூரா?

கேள்வி, 2 ஜூன் 2024

பிலிப்பைன்ஸுக்கு என்று சொந்தமாக ஒரு கலை மரபு உண்டா? மணிலா அருங்காட்சியகத்துக்குப் போய் வந்த நண்பர் ஒருவர், "ஓவியம் ஸ்பெயின்காரர்கள் கற்றுக்கொடுத்தது, சிற்பம் தேவாலயத்துக்காக வந்தது. மிச்சமெல்லாம் நாரும் ஓலையும் மூங்கிலும் வைத்துச் செய்கிற கைவினை. பொருள்தான் உள்ளூர், நுட்பம் வெளியூர்" என்கிறார். அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு

ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தவன். பிறந்தது ஆரணியில், தறிக்குழிக்குப் பக்கத்தில். அப்பாவும் தாத்தாவும் பட்டு நெய்தவர்கள். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் துணிமேல்தான் போகும்.

அக்லான் மாகாணத்தில் காலிபோ என்று ஓர் ஊர். அன்னாசி இலையிலிருந்து நார் எடுத்து அங்கே துணி நெய்கிறார்கள். பின்யா என்று பெயர். கையில் வாங்கினால் கனமே தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்த்த தேன் நிறம். அவர்களுடைய பாரோங் தகாலோக் சட்டையில் உயர்ந்த ரகம் இந்தத் துணியில்தான் தைக்கிறார்கள். ஸ்பெயின் ஆட்சியில், உள்ளே ஆயுதம் மறைத்து வைக்கக் கூடாது என்று உள்ளூர்க்காரர்களை மெல்லிய துணியில் சட்டை போட வைத்து, அதை இடுப்பில் செருகவும் விடவில்லையாம். அதையே பூவேலை செய்து பெருமைக்குரிய உடையாக மாற்றிக்கொண்டார்கள். உள்ளூர்ப் பொருள் அதற்கேற்ற நுட்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

3 ஜூன்

நேற்று எழுதியதில் இரண்டு தவறு.

ஒன்று, அந்த ஆயுதக் கதை. வேலை செய்த இடத்திலும் சொன்னார்கள், சுற்றுலா வழிகாட்டியும் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். அப்படி ஓர் ஆணை இருந்ததற்கு ஆவணம் எதுவும் இல்லை என்று உடை வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வெயிலிலும் புழுக்கத்திலும் சட்டையை வெளியே விட ஆணையா வேண்டும்? அதை விட்டுவிடுங்கள். உறுதியாகத் தெரிந்தது இது: 1953 டிசம்பரில் ரமோன் மக்சேசே அதிபராகப் பதவியேற்றபோது கோட்டு போடாமல் பாரோங் அணிந்தார். அந்தச் சட்டை அரசு விழாக்களில் பரவலானது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அன்னாசி உள்ளூர்ச் செடியே இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, ஸ்பானியர் கப்பலில் வந்தது. நண்பர் சொன்னதற்கு எதிராக நான் எடுத்து வைத்த முதல் எடுத்துக்காட்டிலேயே பொருள் வெளியூர். அப்படியானால் உள்ளூர் எது? இரவு முழுக்க இதுதான் மனதில் ஓடியது.

4 ஜூன்

காலிபோவில் பார்த்ததை முறையாகவே சொல்கிறேன், பதில் அதிலேயே இருக்கலாம்.

நான் போனது ஒரு வீட்டின் பின்கட்டு. நாலைந்து பெண்கள், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சிவப்பு ஸ்பானிஷ் என்கிற, அவர்கள் பிசாயா என்றும் சொல்கிற வகையின் நீண்ட இலைதான் நாருக்கு ஆகும். ஓரத்து முள்ளை உரித்துவிட்டு, இலையைப் பலகைமேல் கிடத்தி, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் வழிக்கிறார்கள். அந்த வேலைக்கு என்றே செய்த கருவி கிடையாது, சாப்பிடுகிற தட்டு உடைந்தால் அதில் ஒரு சில்லு. பச்சைத் தோல் போனதும் முதலில் முரட்டு நார் வரும். அதற்குப் பஸ்தோஸ் என்று பெயர். ஸ்பானியச் சொல்தான், மரியாதை தெரியாமல் பேசுகிறவனையும் தகாலோக் மொழியில் இன்று அதே சொல்லால்தான் திட்டுவார்கள். அந்த நாரை எடுத்த பிறகு தேங்காய்ச் சிரட்டையால் மெதுவாக வழித்தால் அடியில் இன்னொரு அடுக்கு நார் கிடைக்கும். அதுதான் லினிவான். ஈரமாக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. அலசிக் கொடியில் போட்டதும் வெள்ளி மாதிரி மின்னும்.

அப்புறம் முடிச்சு. இலையின் நீளம்தான் இழையின் நீளம். பருத்தியைப் போல முறுக்கி நூற்பதில்லை. ஓர் இழையின் நுனியையும் அடுத்த இழையின் நுனியையும் விரலால் முடிந்து, மிச்சத்தைக் கத்தரித்து, கூடைக்குள் வட்டமாக இறக்கிக்கொண்டே போகிறார்கள். நான் உள்ளே நுழைந்ததும் மின்விசிறியைப் போட ஒருவர் எழுந்தார், மற்றவர்கள் கத்தித் தடுத்துவிட்டார்கள். காற்றடித்தால் அன்றைய வேலை பறந்துவிடும்.

எழுபது வயதிருக்கும் ஒரு லோலா (பாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்) என்னிடம் இரண்டு இழை கொடுத்து முடியச் சொன்னார். அறுந்தது. மறுபடி கொடுத்தார், மறுபடி அறுந்தது. பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து, இழுக்காமல் உருட்ட வேண்டும் என்று காட்டினார். எனக்கு ஆரணி ஞாபகம் வந்தது. தறியில் பழைய பாவு (நீளவாக்கில் ஓடும் இழைகள்) தீர்ந்ததும் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். அம்மா அதில் கெட்டிக்காரர். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பாவுக்கு ஒரு முறைதான் அந்த வேலை. இங்கே துணி முழுவதும், பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும், ஒவ்வோர் இலை நீளத்துக்கும் ஒரு முடிச்சு.

தறியும் பார்த்தேன். மிதிகட்டை வைத்த மரத்தறிதான், நமக்குப் புதிதில்லை. நெய்கிறவர் நாடாவை வீசுவதில்லை, கையால் மெல்லத் தள்ளிவிடுகிறார். நான் உட்கார்ந்திருந்த அரை நாளில் ஒரு சாண்கூட ஏறவில்லை.

இந்த நெசவை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. செய்தி வந்தபோது நான் ஆரணிக்குத் திரும்பியிருந்தேன். முதலில் அந்த லோலாவின் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது.

6 ஜூன்

உண்மையான பின்யாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவருக்கு.

நானே ஏமாந்திருக்கிறேன். மணிலாவில் ஒரு கடையில் பின்யா என்று சொல்லி விற்ற பாரோங்கை ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கைக் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினேன். உருகி, கறுப்பு மணியாகச் சுருண்டது. பாலியெஸ்டர். அசல் நார் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். அன்று எனக்கு வந்த கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. அத்தனை முடிச்சும் போட்டவர்களின் பெயரை ஒரு இயந்திரத் துணிக்குக் கொடுத்திருந்தார்கள்.

கடையில் கொளுத்திப் பார்க்க விட மாட்டார்கள். பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். இழை ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். அசலில் அங்கங்கே முடிச்சு தெரியும், சில இழை தடித்தும் சில மெலிந்தும் இருக்கும். விலை குறைவாக வேண்டும் என்றால் பட்டு கலந்து நெய்த பின்யா-செடா இருக்கிறது, அது ஏமாற்று இல்லை, நல்ல துணிதான். ஹூசி என்று இன்று விற்பது பெரும்பாலும் இயந்திரத்தில் நெய்த மெல்லிய பட்டு.

பூவேலை வேறு ஊர். காலிபோவில் நெய்ததை லகுனா மாகாணத்து லும்பானுக்கோ, பட்டாங்கஸ் பக்கம் தாலுக்கோ அனுப்புவார்கள். கலாடோ என்று ஒரு வேலை: துணியிலிருந்து சில இழைகளை உருவி எடுத்துவிட்டு, மிச்சம் நிற்கும் இழைகளை ஊசியால் கட்டி வலை மாதிரி ஆக்குவது. அத்தனை பாடுபட்டு முடிந்து நெய்ததில் இழையை உருவ எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

9 ஜூன்

3ஆம் தேதிக் கேள்விக்குத் திரும்புகிறேன். உள்ளூர் எது?

அபாக்கா. வாழை இனம், ஆனால் பழத்துக்கு ஆகாது, நாருக்குத்தான். பிறந்த மண்ணே பிலிப்பைன்ஸ். உலகமெங்கும் கப்பல் கட்டிய மணிலா கயிறு இதில் திரித்ததுதான். பழுப்பு நிற மணிலா உறைக்கும் பெயர் இந்த நாரிலிருந்து வந்தது. நம் வட மாவட்டங்களில் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறோமே, மணிலாக்கொட்டைதான் அப்படித் தேய்ந்தது. நாரைக் கயிறாகவும் உறையாகவும், ஊர்ப் பெயரைக் கடலையாகவும் அறிந்திருக்கிறோம், அந்த நாரில் நெய்த துணியைத்தான் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

டாவோவிலிருந்து ஜெனரல் சான்டோஸ் வழியாகப் பேருந்து மாறி மாறி லேக் செபு போனேன். தென் கோட்டாபாட்டோ மாகாணம், மலைமேல் ஏரி, திபோலி மக்களின் ஊர். அவர்கள் நெய்வது தினாலக். ஆண்கள் அபாக்காத் தண்டை உரித்து, மட்டையைக் கத்திக்கும் பலகைக்கும் நடுவே கொடுத்து இழுத்து நார் எடுக்கிறார்கள். மீதி எல்லாம் பெண்கள். இங்கேயும் நூற்பதில்லை. இழையோடு இழை முடிச்சு!

இதைப் பார்த்த இடத்தில்தான் எனக்குத் தெளிந்தது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே வாழை நாரை முடிந்து முடிந்து நெய்த மக்கள் இந்தத் தீவுகளில் இருந்தார்கள். கப்பலில் வந்த அன்னாசி அந்தப் பழக்கமுள்ள கைகளில் போய் விழுந்தது. அன்னாசியைப் பல நாடுகளில் பயிரிட்டார்கள், அதன் இலையில் இப்படி ஒரு துணி இங்கே விளைந்ததற்கு அந்த விரல்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

தினாலக்கில் மூன்று நிறம். நாரின் இயல்பான வெளுப்பு, கறுப்பு, சிவப்பு. போச்சம்பள்ளிச் சேலை தெரிந்தவர்களுக்கு முறை எளிதில் புரியும்: நெய்வதற்கு முன்பே பாவு இழைகளைக் கொத்தாகக் கட்டி, கட்டிய இடத்தில் சாயம் ஏறாதபடி தோய்ப்பது. முதலில் கறுப்பு. கனாலும் என்ற மரத்தின் இலையைக் கொதிக்க வைத்து எடுக்கிறார்கள், கருங்காலி இனத்து மரம். நாள் கணக்கில் திரும்பத் திரும்ப வேகவைத்தால்தான் கறுப்பு பிடிக்கும். பிறகு சிவப்பு வர வேண்டிய கட்டுகளை மட்டும் அவிழ்த்து லோகோ வேரில் தோய்ப்பார்கள். அந்த வேரைக் கையில் எடுத்துக் கீறிப் பார்த்தேன், உள்ளே மஞ்சள். நம் நுணா மரத்தின் உறவு அது. நுணா வேரில் சிவப்புச் சாயம் எடுத்த பழக்கம் நம் பக்கமும் இருந்ததுதான். எங்கள் தெருவில் அது நின்றுபோய் மூன்று தலைமுறை ஆகிறது.

தறி என்று தனியாக ஒரு சட்டம் இல்லை. பாவின் ஒரு முனை வீட்டு உத்தரத்தில், மறுமுனை நெய்கிறவர் இடுப்பில். உடம்பு பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். நெய்து முடித்த பிறகும் வேலை இருக்கிறது: சோழியை ஒரு கோலின் முனையில் மாட்டி, கோலின் மறுமுனையைக் கூரையில் முட்டக் கொடுத்து, அந்த அழுத்தத்தில் துணி முழுக்கத் தேய்க்கிறார்கள். பளபளப்பு அப்படித்தான் வருகிறது, மெழுகோ கஞ்சியோ கிடையாது.

வடிவங்கள் கனவில் வருபவை. அபாக்காவின் தெய்வம் ஃபு டாலு கனவில் காட்டுவதை மறுநாள் பாவில் கட்டுவார்கள், வரைபடம் கிடையாது. துணியைத் தாண்டிப் போகக் கூடாது. நான் தெரியாமல் கால் எடுத்து வைக்கப் போனபோது ஒரு சிறுமி ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

லாங் டுலாய் என்ற தினாலக் நெசவாளர் அந்த ஊர்க்காரர். 1998-இல் தேசிய வாழும் செல்வம் என்று அரசு கௌரவித்தது. 2015-இல் மறைந்தார். நான் போனது அதற்குப் பிறகு. அவரிடம் கற்றவர்கள் நெய்வதைத்தான் பார்த்தேன்.

10 ஜூன்

கனவு பற்றி எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். எல்லா நெசவாளருக்கும் கனவு வருவதில்லை. கனவு காண்கிறவர் சிலர், அவர்களிடமிருந்தும் பாட்டி தாயிடமிருந்தும் வடிவங்களைக் கற்று நெய்கிறவர்கள் பலர். "கனவு நெசவாளர்கள்" என்று சுற்றுலா அட்டைகளில் போட்டு எல்லோரையும் அந்தப் பெயருக்குள் தள்ளிவிட்டார்கள். ஒரு பெண் என்னிடம் நேராகவே சொன்னார்: "எனக்குக் கனவு வராது, என் அம்மாவுக்கு வந்தது." அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

11 ஜூன்

"இயற்கைச் சாயம்தான் உயர்ந்தது, மற்றதெல்லாம் கலப்படம்" என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. சமார் தீவின் பாசேயில் திகோக் என்ற கோரையில் பாய் பின்னுகிறார்கள். கடையில் வாங்கிய சாயப்பொடியைக் கொதிக்கவைத்துத்தான் கோரைக்கு நிறம் ஏற்றுகிறார்கள். அந்த ரோஜா நிறமும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்தமடைப் பாயிலும் சாயப்பொடி நுழைந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பாய் பாய்தான்.

14 ஜூன்

ஓவியம் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று கேள்வி கேட்டவர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம்.

எண்ணெய் ஓவியம் ஸ்பெயின் வழியாக வந்தது உண்மை. தமியான் டொமிங்கோ 1821-இல் மணிலாவில் ஓர் ஓவியப் பள்ளி நடத்தினார். மக்களை அவரவர் உடையோடு நீர்வண்ணத்தில் வரைந்தவர் அவர். அந்தச் சட்டைகளின் மெல்லிய துணி உள்ளே உடம்பு தெரிகிற அளவுக்கு வரைந்திருப்பார். அதை வரையத் தெரிந்த கைக்கு அந்தத் துணியும் தெரிந்திருக்க வேண்டும். பிற்கால ஓவியர் அமோர்சோலோவின் வயல் ஓவியங்களில் பின்னாலிருந்து வரும் வெயில் அப்படியே அந்த ஊர் மாலை வெயில். இவற்றைக் கடன் வாங்கிய கலை என்று தள்ள என்னால் முடியாது.

ஆனால் எனக்கு நெருக்கமானது மண் ஓவியம். டாவோவிலிருந்து புக்கிட்னோன் மலைப்பாதையில் போனால் லன்டாபான், கித்தாங்லாட் மலையடிவாரம், தலான்டிக் மக்கள். வாவாய் சாவாய் போன்ற கலைஞர்கள் அங்கே கற்றுக்கொடுத்து ஒரு கூட்டமே மண்ணால் வரைகிறது. வழியில் கிடைக்கிற மண்ணைத்தான் எடுக்கிறார்கள்: சிவப்பு, மஞ்சள், கருப்பு, சாம்பல், வெளுப்பு, காப்பித்தூள் நிறம். காயவைத்து, இடித்து, துணியில் சலித்து, தண்ணீரும் வெள்ளைப் பசையும் சேர்த்துக் குழைக்கிறார்கள். நான் பார்த்த தட்டுகளில் நீலம் இல்லை. வானத்தை எப்படி வரைவீர்கள் என்று ஒரு பையனிடம் கேட்டேன். வெளுப்பு மண்ணைத் தொட்டு வானத்தை வரைந்து காட்டினான், மழைக்கு முன்னால் இருக்கும் வானம்.

மலைமேல் ஓரிடத்து மண் தீர்ந்தால் இன்னோர் ஓடைக்கரைக்குப் போவார்கள். எந்த ஓவியத்தில் எந்த ஓடை என்று அவர்களுக்குத் தெரியும்.

15 ஜூன்

கைவினையா கலையா என்ற சண்டைக்கு: பிலிப்பைன்ஸ் அரசே இரண்டு வரிசை வைத்திருக்கிறது. தேசியக் கலைஞர் என்ற பட்டம் 1972-இல் அமோர்சோலோவிலிருந்து தொடங்குகிறது, ஓவியர், சிற்பி, கவிஞர், இயக்குநர் எல்லாம் அதில். நெசவாளருக்கும் பாய் பின்னுகிறவருக்கும் 1992-இல் ஒரு சட்டம் போட்டுத் தனி விருது, சுருக்கமாக கமாபா என்பார்கள். விருது பெற்றவர் இளையோருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நல்ல நிபந்தனை. இரண்டு வரிசை ஏன் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

1993-இல் அந்த விருதைப் பெற்ற முதல் மூவரில் ஒருவர் கினாவ் பிலோக், மிண்டோரோ தீவின் ஹனுனுவோ மங்யான் இனத்தவர். மூங்கிலில் கத்தி முனையால் அம்பகான் பாடல்களைக் கீறினவர். அடிக்கு ஏழு அசை. அந்த மங்யான் எழுத்தும் நம் எழுத்தும் பிராமியின் கிளைகள். அருங்காட்சியகத்தில் அந்த மூங்கில் துண்டைப் பார்த்தபோது தாத்தா வீட்டுப் பரணில் இருந்த ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. இரண்டிலும் எழுத்து மையால் எழுதியதில்லை, கீறியது.

18 ஜூன்

"இதெல்லாம் பழசு, இன்றைய கலைஞர்கள் என்ன செய்கிறார்கள்?"

ஜூன்யீயைப் பாருங்கள். 1981-இல் மணிலாவின் கலாசார மையத்தில் இலவங்காயையும் வாழைத்தண்டையும் வைத்துப் பூச்சிக் கூட்டம் மாதிரி சுவரெல்லாம் ஊர விட்டார். நம் கிளிக்கு ஏமாற்றம் தந்த காய் அங்கே சுவர் ஏறியிருக்கிறது! அதே மையத்தின் புல்வெளியில் 2007-இல் அறுத்துத் தள்ளிய மரக்கட்டை முனைகளை ஆயிரக்கணக்கில் பரப்பி, ஒரு காலத்தில் காடு என்று பெயர் வைத்தார். நான் படம்தான் பார்த்திருக்கிறேன். படத்திலேயே தொண்டை அடைத்தது.

ரொபேர்டோ வில்லனுவேவா பாகியோ என்ற மலை நகரில் இருந்தவர். 1989-இல் ரூனோ நாணலால் சுருள் வழி ஒன்றைக் கட்டினார். உள்ளே நடந்து போனால் நடுவில் ஒரு திடல். அந்த நாணல் மக்கிப் போகும் என்று தெரிந்தே கட்டியது. பாகியோவில் அவரோடு சேர்ந்த சான்டியாகோ போஸேயும் சந்தையிலும் மலையிலும் கிடைத்ததை எடுத்துக் கலை செய்தவர். வெளிநாட்டிலிருந்து வருகிற சாயமும் கேன்வாஸும் விலை அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்று பாகியோவில் சந்தித்த ஓவியர் ஒருவர் என்னிடம் சொன்னார். கொள்கையும் கையிருப்பும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

மக்கிப் போகிற கலையைப் பற்றி எனக்கு முதலில் வருத்தம் இருந்தது. பின்யாவை நினைத்துக்கொண்டேன். அதுவும் நார்தான், சரியாகப் பாதுகாத்தால் நூறு ஆண்டுக்கு மேலும் நிற்கிறது. அப்படியானால் வில்லனுவேவா மக்க விட்டது பொருளின் பலவீனத்தால் இல்லை, அவரே எடுத்த முடிவு. இதை எழுதும்போதுதான் எனக்கே இது தெளிவாகிறது.

19 ஜூன்

பழைய வீடுகளின் சன்னலில் கண்ணாடி மாதிரி இருப்பது என்ன என்று விகான் ஊர்ப் படம் போட்டவர் கேட்டிருக்கிறார். கப்பிஸ், தட்டையான ஒரு சிப்பியின் ஓடு. சதுரமாக நறுக்கி மரச்சட்டத்தில் செருகுவார்கள். வெயில் உள்ளே வரும்போது பால் நிறமாகிவிடும். இதே சிப்பி திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம் குடாவில் இருக்கிறது, அங்கே முத்துக்காக அதைக் குளித்து எடுத்தார்கள். சிப்பி ஒன்றுதான், பிலிப்பைன்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டது ஓடு, திருகோணமலைக்காரர்கள் எடுத்துக்கொண்டது முத்து.

23 ஜூன்

லுக்பான் ஊர்த் திருவிழாவை மறந்தே போனேன்.

மே 15, உழவர்களின் புனிதர் இசிதோருக்கு விழா. வீட்டு முகப்பு முழுக்கக் காய்கறி, நெற்கதிர், கூடவே கிப்பிங். அரிசி மாவைக் கரைத்து, சாயம் சேர்த்து, இலைமேல் தடவி ஆவியில் வேகவைத்து உரித்தால் இலையின் நரம்பெல்லாம் பதிந்த தகடு. அதைக் காயவைத்துச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிடுகிறார்கள், சில வீடுகளில் பெரிய சரவிளக்கு மாதிரி. அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். "இலை வடாம்டா" என்றார். அதேதான். அம்மா வடாத்தை உரித்ததும் இலையைத் தூக்கிப் போட்டுவிடுவார். அவர்கள் அந்த நரம்புக்காகவே இலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விழா முடிந்ததும் கிப்பிங்கைப் பொரித்துச் சாப்பிடலாம். ருசி நம்முடையதைவிட மட்டு.

25 ஜூன்

சிற்பம் பற்றி ஒரு பத்தி. லகுனாவின் பாயெத்தே ஊருக்கு உளியின் பெயர், பாயெத். பாத்திகுலிங் மரத்தில் புனிதர் சிலைகளைச் செதுக்குகிறார்கள், மென்மையான மரம், உளிக்கு வளைந்து கொடுக்கும். தேவாலயத்துக்காக வந்த கலை என்று நண்பர் சொன்னது இந்த ஊருக்குப் பொருந்தும். ஆனால் அதே ஊர்க்காரர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள்: மர அச்சுமேல் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி, காய்ந்ததும் அறுத்து எடுத்து, மூட்டி, வண்ணம் பூசுவது. தாக்கா. பிரகாசமான குதிரைகளும் கோழிகளும். நான் வாங்கிய சிவப்புக் குதிரை இன்னும் என் மேசைமேல் இருக்கிறது, ஒரு காது மடங்கிவிட்டது.

26 ஜூன்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "அப்படியானால் நண்பரிடம் என்ன சொல்வது? பொருளும் உள்ளூர் இல்லை, சில நுட்பமும் உள்ளூர் இல்லை."

அந்த முடிச்சைச் சொல்லுங்கள். 2ஆம் தேதி நான் பொருளைப் பிடித்துக்கொண்டு வாதாடினேன், அது நிற்கவில்லை. அன்னாசி வந்தது, எண்ணெய் வண்ணம் வந்தது, சாயப்பொடி வந்தது. வந்ததை எல்லாம் தங்களிடம் முன்பே இருந்ததோடு இணைக்கத் தெரிந்த விரல்கள் அங்கே இருந்தன. முடிச்சு போட்ட துணியில் எந்த இழை எங்கே தொடங்குகிறது என்று காலிபோவில் நான் தேடிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தால் முடிச்சு தெரிகிறது. தள்ளி நின்றால் துணிதான் தெரிகிறது.

30 ஜூன்

இவ்வளவு எழுதிய பிறகு கை சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் கொல்லிமலையிலிருந்து அன்னாசி இலை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். வகை வேறு, இலை குட்டை. இருந்தாலும் உடைந்த தட்டுச் சில்லால் திண்ணையில் வைத்து வழித்தேன். முரட்டு நார் நன்றாகவே வந்தது. சிரட்டைக்கு மாறியதும் மெல்லிழை பாதிக்குமேல் அறுந்துபோயிற்று. தேறியது இருபது இழை இருக்கும்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பாவு பிணைத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. நான் முடிவதைப் பார்த்துவிட்டு, "ஈரக் கையால பிடிக்காதே, வழுக்கும். அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கோ" என்றார். வீட்டில் விறகடுப்பு இல்லை. பூசை அறையிலிருந்து விபூதி எடுத்து வந்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தடவிக்கொண்டு, லோலா காட்டியபடி இழுக்காமல் உருட்டினேன்.

மூன்று முடிச்சு நின்றது. நாலாவதை அம்மா போட்டார்.